பாதியில் நின்ற முள்

“கூடுவாஞ்சேரி பங்கில டேங்க் வழிய வழிய ஊத்திட்டு வர்றேன் தம்பி. முள் பாதியைக்கூடத் தொடல.”

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் அவர் வீடு. வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும் 1969-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, அவருடைய அப்பா வாங்கிய கார். ஓராண்டாக அதன் பெட்ரோல் மீட்டர் சரியில்லை. புதுப்பேட்டைக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கி மாட்டினார். மாற்றமில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்னொன்று கிடைத்தது. அதுவும் அதே இடத்தில் போய் நின்றது.

“காலியாகும்போது என்னங்கய்யா காட்டுது?”

“அப்ப சரியாத்தான் காட்டுது. முள் கீழே வந்து நிக்கும்போது குச்சி விட்டுப் பார்த்தா அடியில கொஞ்சம்தான் இருக்கு. நிரப்பினாத்தான் ஏற மாட்டேங்குது.”

காலியைச் சரியாகவும் நிறைவைத் தவறாகவும் காட்டும் மீட்டர். இந்த ஒரு குறிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம், வண்டலூர் உயிரியல் பூங்கா, அதைத் தாண்டினால் பெருங்களத்தூர். இந்தச் சாலையோரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1948-இல் தொடங்கிய நிறுவனம். வான்கார்டு, டென், பென்னன்ட் என்று வரிசையாகக் கார்கள் வந்தன. 1961-இல் ஹெரால்டு வந்தது. 1968-இல் நான்கு கதவு வைத்த மார்க் 3 வந்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1972-இல் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. 1988-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஒரு காலத்தில் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில். இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. பிறந்த இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் ஐயாவின் கார் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஹெரால்டின் மூலம் பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் புதிய கார்கள் பலவும் சேஸிஸும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடாக வரத் தொடங்கியிருந்தன. ஹெரால்டு அப்படியில்லை. அடியில் தனி சேஸிஸ். அதன்மேல் போல்ட் போட்டு முறுக்கிய தனித்தனி பாடித் துண்டுகள். முன்பாதி முழுவதும் ஒரே பானட்டாகத் தூக்கிக்கொண்டு முன்னால் சாயும். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இடப்பக்க மூலையில் உட்கார்ந்திருக்கும். துண்டு துண்டாகப் பூட்டிய கார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முள்ளுக்கு வருவோம்.

டேங்குக்குள் ஒரு மிதவை. மிதவையோடு ஒரு கம்பிக் கை. அந்தக் கையின் மறுமுனை, மெல்லிய மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். இந்த மொத்த அமைப்பையும் மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பார்கள். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், மின்சாரம் கடக்க வேண்டிய கம்பியின் நீளம் குறையும், தடையும் குறையும். ஐயாவின் காரில் இருப்பதுபோன்ற பிரிட்டிஷ் பாணி மீட்டர்களில் டேங்க் காலியாக இருந்தால் சுமார் 240 ஓம், நிரம்பியிருந்தால் 20 முதல் 30 ஓம்.

மின்சாரம் போகும் பாதை ஒற்றையடிப் பாதை. பேட்டரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர், அங்கிருந்து டேஷ்போர்டு மீட்டர், மீட்டரிலிருந்து ஒரே ஒரு ஒயர் காரின் நீளம் முழுக்க ஓடி டிக்கிக்கு வந்து டேங்க் யூனிட்டில் சேரும். அதற்கப்புறம் ஒயர் கிடையாது. யூனிட்டின் உலோக உடல், அது திருகப்பட்ட டேங்க், டேங்க் பூட்டப்பட்ட பாடி, பாடி பூட்டப்பட்ட சேஸிஸ் என்று இரும்பு வழியாகவே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். இந்தத் திரும்பும் வழியைத்தான் ‘எர்த்’ என்கிறோம். போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள், அங்கே ஒயர் தெரிகிறது. திரும்பும் வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய கார்களின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

மீட்டருக்குள் என்ன நடக்கிறது? வெவ்வேறு அளவில் சூட்டால் நீளும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை ஒன்று உள்ளே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், சூடாக்கினால் வளையும். பட்டையைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுற்று. அதில் மின்சாரம் ஓடினால் சூடு, சூட்டால் வளைவு, வளைவால் முள் நகர்வு. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கடற்பயணக் கடிகாரம் செய்தபோது, வெப்பநிலை மாறினாலும் நேரம் தவறாமலிருக்க இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தார். சூடானாலும் ஏறக்குறைய நீளவே நீளாத இன்வார் என்னும் நிக்கல்-இரும்புக் கலவையை 1896-இல் கண்டறிந்த சார்லஸ் எதுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. டேஷ்போர்டில் சோம்பலாக ஏறும் ஒரு முள்ளுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பரம்பரை இருக்கிறது.

சோம்பல் என்று சொன்னேன். அந்தச் சோம்பல் வேண்டுமென்றே வைத்தது. டேங்குக்குள் பெட்ரோல் எந்நேரமும் அலைமோதுகிறது. வண்டலூர் மேம்பாலத்தில் ஏறினால் பின்னால் சாயும், வேகத்தடையில் குதிக்கும், பிரேக் போட்டால் முன்னால் பாயும். ஒவ்வொரு அலைக்கும் முள் ஆடினால் யாராலும் படிக்க முடியாது. பட்டை சூடாகவும் ஆறவும் சில நொடிகள் எடுத்துக்கொள்வதால் அலைகள் தாமாகவே சராசரியாகிவிடுகின்றன. இன்றைய கார்களில் கணினி செய்யும் வேலையை அன்று ஒரு துண்டு உலோகம் செய்தது.

இதற்கு முந்திய தலைமுறை மீட்டர் வேறு வகை. அதில் காந்தச் சுருள்கள் இரண்டு எதிரெதிராக இழுக்க, சாவி போட்ட மாத்திரத்தில் முள் துள்ளிக் குதிக்கும். ஓட்டத்தில் ஊசலாடும். ஐம்பது அறுபது வருடம் பல கை மாறிய வண்டியில் எது மாட்டியிருக்கிறது என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாவியைத் திருப்பி முள்ளைக் கவனித்தால் போதும். துள்ளினால் பழைய வகை. மெல்ல ஊர்ந்தால் ஈருலோக வகை. இது ஏன் முக்கியம் என்றால், இரண்டும் சோதனையில் நேர் எதிராக நடந்துகொள்ளும். டேங்க் யூனிட்டில் ஒயரைக் கழற்றிவிட்டால் ஈருலோக மீட்டர் ‘காலி’ என்னும். பழைய வகை ‘நிறைவு’ என்னும். அந்த ஒயரை எர்த்தில் தொட்டால் ஈருலோகம் ‘நிறைவு’, பழையது ‘காலி’. வகை தெரியாமல் சோதித்து, நல்ல மீட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

ஐயாவின் காரில் முள் ஊர்ந்தது. ஈருலோக வகை.

அவர் சொன்ன அறிகுறியை இப்போது கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஸ்டெபிலைசர் தருவது சராசரியாக 10 வோல்ட். மீட்டரின் கம்பிச்சுற்று 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டேங்க் காலி என்றால் 60-உம் 240-உம் சேர்ந்து 300 ஓம். ஓடும் மின்சாரம் 10-ஐ 300-ஆல் வகுத்தால் 33 மில்லி ஆம்பியர். டேங்க் நிரம்பினால் 60-உம் 20-உம் சேர்ந்து 80 ஓம். 125 மில்லி ஆம்பியர். பட்டையின் சூடு மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நிறைவுக்கும் காலிக்கும் இடையே சூட்டில் 14 மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியில்தான் முள் நகர்கிறது.

இந்தப் பாதையில் எங்கோ வேண்டாத ஒரு 40 ஓம் புகுந்துகொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். காலியான டேங்கில் 300 ஓம் 340 ஆகும். மின்சாரம் 33-லிருந்து 29-க்கு இறங்கும். முள்ளின் இடத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நிரம்பிய டேங்கிலோ 80 ஓம் 120 ஆகிவிடும். 125 மில்லி ஆம்பியர் 83-ஆகச் சரியும். வர்க்கம் எடுத்துக் கணக்குப் போட்டால் முள் ஏற வேண்டிய தூரத்தில் நூற்றுக்கு 40 பங்குதான் ஏறும். அதாவது பாதிக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிடும்.

“முள் பாதியைக்கூடத் தொடல” என்று ஐயா சொன்னது இதைத்தான். ஏற்கெனவே பெரிய தடையோடு சேரும் சிறிய தடை தெரியாது. சிறிய தடையோடு சேர்ந்தால் ஆளையே மாற்றிவிடும். நிறை டேங்கில் மட்டும் முள் ஏமாற்றுகிறது என்றால் தொடர்ச்சுற்றில் எங்கோ கூடுதல் தடை உட்கார்ந்திருக்கிறது என்று காரைத் தொடாமலே ஊகிக்கலாம்.

மற்றக் கோளாறுகளின் முகம் வேறு. பெட்ரோல் முள்ளும் பக்கத்து வெப்பமானி முள்ளும் சேர்ந்து செத்துக்கிடந்தாலோ, சேர்ந்து எகிறினாலோ இரண்டுக்கும் பொதுவான ஸ்டெபிலைசர்மேல் சந்தேகப்பட வேண்டும். அதுவும் ஒரு ஈருலோகப் பட்டைதான். தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு தொடர்பை விடும், ஆறியதும் மறுபடி சேரும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்து 10 வோல்ட்டுக்குச் சமமான சூட்டைத் தருகிறது. பழைய கார்களில் டைனமோ. வண்டி நின்று முனகும்போது 12 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க பெட்ரோல் கூடுவதுபோல் முள் காட்டும். ஸ்டெபிலைசரின் தகரக்கூட்டுக்கும் எர்த் வேண்டும். அது விட்டுப்போனால் பட்டை சூடாகாது, தொடர்பு பிரியாது, முழு 14 வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். சூடு ஏறத்தாழ இரு மடங்காகும். பழுதான ஸ்டெபிலைசருக்குப் பதிலாக ரிச்சி தெருவில் கிடைக்கும் 7810 என்னும் மூன்று கால் சில்லு அருமையாக வேலை செய்யும். ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அவற்றில் இந்தச் சில்லை அப்படியே மாட்டக் கூடாது. ஐயாவின் காரில் வெப்பமானி ஒழுங்காக இருந்தது. ஸ்டெபிலைசர்மேல் குற்றமில்லை.

ஊகம் போதாது, நிரூபிக்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் தொலைந்த பொருளைத் தேடும்போது ஒரு முனையிலிருந்து ஒவ்வோர் அடியாகப் பார்த்துக்கொண்டு வருவதைவிட, நடுவில் போய் நின்று ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்பது சிக்கனமான வழி. ஒரே கேள்வியில் பாதி வழி விலகிவிடும். இந்தச் சுற்றின் நடு, டிக்கியில் டேங்க் யூனிட்டின் முனை.

அங்கே ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி சுழிக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனம், டிக்கிப் பள்ளத்தில் தேங்கும். வேலைக்கு முன் டிக்கியை அகலத் திறந்து அரைமணி காற்றாட விடுங்கள். குண்டு பல்பு விளக்கும் சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். ஒயரைக் கழற்றுவதும் தொடுவதும் சாவி அணைந்திருக்கும்போது நடக்க வேண்டும். சாவியைப் போடுவது அதற்குப் பிறகு. அப்போது பொறி வந்தாலும் முன்னால் சாவியில் வரும், டேங்க் பக்கத்தில் வராது.

அப்படியானால் டேங்குக்கு உள்ளேயே மின்சாரம் ஓடுகிறதே என்று ஐயா கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். நம்மூர் வெயிலில் மூடிய டேங்கின் வெற்றிடத்தில் ஆவி அதைவிட மிக அதிகமாக நிரம்பியிருக்கும்; எரியத் தேவையான காற்று இருக்காது. ஓடும் மின்சாரமும் மிகச் சிறிது. வெளியே, டிக்கிக்குள், காற்றும் ஆவியும் சரியான அளவில் கலக்க வாய்ப்புள்ள இடத்தில்தான் ஆபத்து.

டேங்க் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றினேன். ஐயா முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டார். “காலி காட்டுது தம்பி.” அணைக்கச் சொல்லி, ஒயர் முனையை இன்னொரு ஒயர் வைத்துச் சேஸிஸின் சுத்தமான போல்ட்டில் இறுக்கினேன். மறுபடி சாவி. முள் ஊர்ந்து ஊர்ந்து நிறைவுக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. “ஏறிடுச்சு, ஏறிடுச்சு!” என்று அவர் குரல் கொடுத்தது தெருமுனை வரை கேட்டிருக்கும். சில நொடிகளுக்குமேல் அப்படி வைக்கக் கூடாது என்பதால் உடனே அணைக்கச் சொன்னேன்.

பாதிச் சுற்று குற்றமற்றது என்று தீர்ந்தது. சாவி, ஸ்டெபிலைசர், மீட்டர், நீள ஒயர் எல்லாம் நலம். ஐயா வாங்கிய இரண்டு மீட்டருமே நல்ல மீட்டர்கள்தான். மீதமிருப்பது டேங்க் யூனிட்டும் திரும்பும் வழியும்.

இப்போது மல்டிமீட்டர். ஒயர் கழன்ற நிலையில், யூனிட்டின் முனைக்கும் யூனிட்டின் உலோக உடலுக்கும் இடையே அளந்தேன்: 25 ஓம். நிறை டேங்குக்குச் சரியான அளவு. மிதவை, கை, தடைக்கம்பி எல்லாம் நலம். அடுத்து, ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒரு நீள ஒயர் மூலம் பேட்டரியின் எர்த் முனைக்குக் கொண்டுபோய் அளந்தேன்: 66 ஓம்.

கூடுதலாக 41 ஓம். அது டேங்குக்கும் பேட்டரிக்கும் நடுவில், ஒயரே இல்லாத வழியில் உட்கார்ந்திருந்தது.

இரும்பே மின்சாரத்தைத் தடுக்கிறதா? கணக்குப் போட்டால் இல்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமனும் அரை மீட்டர் அகலமும் உள்ள இரும்புத் தகடு மூன்று மீட்டர் நீளத்துக்கு இருந்தாலும் அதன் தடை ஓமில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். எங்கள் 41 ஓம் அதைப்போல் நாற்பதாயிரம் மடங்கு. தகட்டில் இவ்வளவு தடை வராது. தகடும் தகடும் சந்திக்கும் இடத்தில் வரும். இறுக முறுக்கிய இரண்டு உலோகப் பரப்புகள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றும். நுண்ணளவில் இரண்டுமே மேடும் பள்ளமும். மேடுகளின் உச்சிகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அங்கே துரு பிடித்தால்? இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது வளர வளரத் தகடுகளைப் பிரித்து நகர்த்தும். தொடும் புள்ளிகள் ஒவ்வொன்றாக அறுபடும்.

ஹெரால்டு துண்டு துண்டாகப் பூட்டிய கார் என்று சொன்னேன் அல்லவா? பற்றவைத்த கூட்டில் எர்த் தானாகவே வந்துவிடும். ஹெரால்டில் ஒவ்வொரு பூட்டும் ஒரு சந்தேகம். யூனிட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு சந்திப்பு, டேங்குக்கும் பாடிக்கும் நடுவில் ஒன்று, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒன்று. சந்தேகத்தை இடம் காண மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்திலேயே வைத்து, மறுமுனையைச் சேஸிஸ், டிக்கித் தரை, டேங்க் என்று ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தேன். சேஸிஸில் சுழி. டிக்கித் தரையில் ஓர் ஓமுக்கும் குறைவு. டேங்கின் விளிம்பில் பெயிண்டைச் சுரண்டி வைத்ததும் 40.

டேங்கைப் பூட்டிய போல்ட்டைக் கழற்றியபோது காரணம் கையில் வந்தது. டேங்க் முழுக்கத் தடியாகக் கறுப்பு பெயிண்ட். பூட்டும் காதுகளின் அடிப்புறத்திலும் பெயிண்ட். போல்ட் மரையில் செம்பழுப்பாகத் துரு. “ஐயா, இந்த டேங்கை எப்ப வெளியே எடுத்தாங்க?” 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அவர் முடிச்சூரில் இருந்தாராம். அடையாறு ஊருக்குள் வந்து நின்றபோது காரும் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறது. பிறகு டேங்கை இறக்கி, கழுவி, துருப் பிடிக்காமலிருக்கப் பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். அக்கறையோடு செய்த வேலை. பெயிண்டின் கீழே எர்த் மூச்சுமுட்டிப் போகும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. சில வருடம் போல்ட்டின் மரை மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டு எர்த் கொடுத்து வந்தது. பிறகு அந்த மரையிலும் துரு ஏறியது.

உப்புத்தாளால் காதுகளின் அடியைப் பளபளவென்று தேய்த்தேன். பல் வைத்த வாஷர் போட்டு, தேய்த்த இடத்தில் ஈரம் புகாமல் வாஸ்லின் தடவி முறுக்கினேன். அதோடு விடவில்லை. டேங்க் யூனிட்டின் திருகு ஒன்றிலிருந்து சேஸிஸ் வரைக்கும் தனியாக ஒரு முழ ஒயர், இரண்டு முனையிலும் வளையம் வைத்து அமுக்கி, போல்ட் போட்டு இணைத்தேன். திரும்பும் வழிக்கும் இனி ஒரு ஒயர் இருக்கிறது. மறுபடி அளந்தபோது 66 ஓம் 25 ஆகியிருந்தது. சாவியைப் போட்டதும் முள் மெதுவாக ஏறி நிறைவுக் கோட்டில் நின்றது. ஐயா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் எர்த்தாகவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். யூனிட்டின் முனைக்கும் உடலுக்கும் இடையில் தடையே தவறாக இருந்திருந்தால் யூனிட்டை வெளியே எடுக்க நேர்ந்திருக்கும். அப்போது முதலில் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. மிதவை செய்த பித்தளை தண்ணீரைவிட எட்டு மடங்குக்குமேல் அடர்ந்தது. உள்ளிருக்கும் காற்றை நம்பித்தான் மிதக்கிறது. வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஈயம் வைத்து அடைப்பதானால் உள்ளிருக்கும் பெட்ரோலை முழுதும் வெளியேற்றி, டேங்கிலிருந்து வெகுதூரத்தில், திறந்தவெளியில் செய்ய வேண்டும். தடைக்கம்பியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் முள் ஒரே இடத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் குணமுடையது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய கார்களின் டேங்கில் இந்த ஈரம் உலோகத்தை அரிக்கிறது. ஓட்டாவிட்டாலும் பழைய பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள்.

ஐயாவின் முள் சரியாகிவிட்டது. அது சொல்வது எவ்வளவு உண்மை என்ற கேள்வி மிச்சமிருந்தது. மிதவையின் கை வளைவில் சுழல்கிறது. டேங்கோ சக்கரத்துக்கும் பாடிக்கும் இடையில் கிடைத்த மூலைக்கேற்ப வளைத்துச் செய்தது. முள் பாதியில் நிற்கும்போது டேங்கில் பாதி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. டேங்கை முழுக்க வடித்துவிட்டு, அளந்த கேனிலிருந்து ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்தோம். கூடவே வர்ணம் பூசாத ஒரு மரச் சட்டத்தை டேங்கில் விட்டு நனைந்த இடத்தில் கத்தியால் கோடு கீறினோம். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது.

குச்சியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் அணைந்து போயிற்று. எரிபொருள் அளவைக் காட்டும் கருவியில் ஒரு ஈயப் பற்று சரியாகப் பிடிக்காமலிருந்தது, மீட்டர்கள் இருண்டன. அதனால் தரையில் குச்சி வைத்துத்தான் அளந்தார்கள். குச்சி சரியாகவே சொன்னது. லிட்டரை எடைக்கு மாற்றும்போது கிலோவுக்கான 0.8-க்குப் பதில் பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் பறந்தது. கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் விமானி அதை மிதக்கவிட்டு இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பிடிக்காத ஒரு பற்று, ஒரு தொடர்பு. எங்கள் டிக்கியில் இருந்ததும் அதே இனத்துக் கோளாறுதான்.

ஐயாவின் டேஷ்போர்டு அறையில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. அவருடைய அழகான கையெழுத்தில், முள்ளின் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறார். முள் சரிபாதியில் நிற்கும்போது டேங்கில் இருப்பது பாதியைவிட இரண்டு லிட்டர் குறைவு.

உங்கள் வீட்டிலும் ஒரு ஹெரால்டோ, அம்பாசிடரோ, பத்மினியோ இருந்து, அதன் முள் நிறை டேங்கில் மட்டும் ஏற மறுத்தால், மீட்டர் தேடிப் புதுப்பேட்டைக்குப் போகுமுன் ஒரு முழ ஒயரை எடுத்து, சாவியை அணைத்து வைத்து, டேங்க் யூனிட்டின் உடலையும் சேஸிஸையும் இணைத்துவிட்டுப் பிறகு சாவியைப் போட்டுப் பாருங்கள்.